ஓரடி வரப்பு

செத்துப்போனவர்களைப் பற்றித்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். செல்லமுத்து உயிரோடு இருக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் அவனைப் பார்க்கிறேன். இருந்தும் இப்போதே எழுதுகிறேன். அவன் போன பிறகு எழுத உட்கார்ந்தால், போனவனைப் பற்றி எதற்கு என்று என் கையை நானே பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துக்கொள்ள அவன் தகுதியானவன் இல்லை.

அவன் எனக்குத் தம்பி முறை. என் ஐயனும் அவன் ஐயனும் கூடப் பிறந்தவர்கள். அவனுக்கு மூத்தவர் அத்தப்பன். எனக்கும் இரண்டு வயது மூத்தவர். அத்தப்பன் கட்டிய பெண்தான் சின்னாயி. அண்ணன் பொண்டாட்டி என்பதால் நாங்கள் இருவருமே அவளை நங்கை என்று கூப்பிட்டோம். நான் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

செல்லமுத்துவைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். நுங்கு வெட்டிக்கொண்டு வந்தால் மூன்று கண்ணையும் முதலில் நக்கிவிடுவான். அதன் பிறகு அத்தப்பனிடம் நீட்டி, "இந்தாங்ணா, சாப்புடுங்" என்பான். அத்தப்பன் சிரித்துக்கொண்டு, "நீயே தின்னு சாமி" என்று விட்டுவிடுவார். அவர் அன்றைக்கு இவன் கையைத் தட்டியிருக்க வேண்டும். நானாவது தட்டியிருக்க வேண்டும். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

எருமப்பட்டியிலிருந்து உள்ளே இரண்டு மைலில் அவர்கள் காடு. எட்டு ஏக்கர், வடக்கும் தெற்குமாக நீளம். வடக்கே தார் ரோடு, தெற்கே ஓடை. அவர்கள் ஐயன் இறந்ததும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ரோட்டை ஒட்டிய நான்கு ஏக்கர் செல்லமுத்துவுக்கு விழுந்தது. ஓடைப் பக்கம் பின்னால் இருந்த நான்கு அத்தப்பனுக்கு. பின்காட்டுக்குப் போக முன்காட்டின் கீழ்புறத்தில் பத்தடி அகலத்தில் வண்டித்தடம் இருந்தது. எங்கள் ஐயன்களைப் பெற்ற அப்பாருவின் பாடையே அந்தத் தடத்தில்தான் போனது. பாகப் பத்திரத்தில் அந்தத் தடத்தை எழுதவில்லை. எழுதட்டுமா என்று பத்திரக்காரர் கேட்டதற்கு, "அண்ணந்தம்பிக்குள்ள தடத்தை எழுதறதுங்களா? நல்லாருக்காதுங்க" என்று அத்தப்பன்தான் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. எழுதிவிட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் பாதிக் குடும்பம் கோர்ட்டில் நிற்கிறது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அத்தப்பன் மாரடைப்பில் போனார். மகள் மஞ்சுளாவுக்குப் பன்னிரண்டு வயது. கருமாதி முடிந்த மூன்றாம் நாள் செல்லமுத்து போய், காட்டைத் தன்னிடமே கொடுத்துவிட்டு அம்மா ஊட்டுக்குப் போய்விடச் சொல்லி நங்கையிடம் கேட்டிருக்கிறான். "நானே வெள்ளாமை பண்ணிக்கறனுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் எழுந்து வந்துவிட்டான்.

அந்த வருடம் அவள் குச்சிக்கிழங்கு, மரவள்ளி, நட்டாள். கிழங்கு பிடுங்கினால் மறுநாளுக்குள் லாரி ஏறி ஜவ்வரிசி மில்லுக்குப் போய்விட வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் உள்ளே கறுப்பு வரி ஓடும். மாவு இறங்கிவிடும். மாவுச்சத்துப் பாயிண்ட் இல்லை என்று மில்காரன் தள்ளிவிடுவான். இது செல்லமுத்துவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் குச்சி நட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை. களை வெட்டியபோது திறக்கவில்லை. பத்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்தான். மாசியில் நான்கு ஏக்கர் கிழங்கையும் பிடுங்கிக் குவித்த மறுநாள் காலை, லாரி ரோட்டில் வந்து நின்றபோது, தடத்தின் வாயில் சீமைக்கருவேல முள் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. முள்ளுக்குப் பின்னால் இடுப்பளவு குழி.

நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஏனுங்க கொழுந்தனாரே, லாரி நிக்குதுங்க. முள்ளை எடுங்க" என்றாள் சின்னாயி.

"எந்த லாரி?"

"கெழங்கு லாரிங்க."

"இது என்ற காடு. இதுல தடம்னு ஒண்ணு இருக்குதுன்னு பத்தரத்துல காட்டு, எடுக்கறேன்."

அண்ணன் பொண்டாட்டியை வாங்க போங்க என்றே பேசிவந்தவன், அன்றைக்குக் 'காட்டு' என்றான். லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"உங்கண்ணன் இதுலதானுங்க வண்டி ஓட்டுனாரு."

"அவரு ஓட்டுனாரு, நான் உட்டேன். இப்ப உடல."

"அப்ப நான் எதுல போறதுங்க? பறந்து போறதுங்களா?"

"அக்கட்டால மேபுறம் ஓரடி வரப்பு இருக்குதல்ல. தலைச்சுமைக்கு அது போதும். அதை உட்டதே எச்சு."

லாரிக்காரன் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வேறு காட்டுக்குப் போய்விட்டான். சின்னாயியும் மஞ்சுளாவும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் அந்த வரப்பில் கூடை கூடையாகச் சுமந்து ரோட்டோரம் கொட்டினார்கள். ஐந்து நாள். பள்ளிக்கூடப் பாவாடையோடு அந்தப் பிள்ளை தலையில் கூடையை வைத்துக்கொண்டு ஓரடி வரப்பில் கைகளை விரித்து நடந்ததை நான் பார்த்தேன். மூன்றாம் நாளே உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு. கடைசியில் ரோட்டோரக் குவியலை ஊர் மாடுகள் தின்றன.

நங்கை ஊர்ப் பத்துப் பேரைக் கருப்பணார் கோயிலுக்குக் கூப்பிட்டாள். தடம் இருந்ததா இல்லையா என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் இப்படி வழக்கு வந்தால், சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால் தீர்ந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. செல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். "இந்தக் காட்டுல எந்தக் காலத்துலயும் தடம் இருந்ததில்லீங்" என்று சொல்லிச் சூடத்தை அடித்தான். சாட்சிக்கு இன்னும் இரண்டு பேர் அடித்தார்கள். ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவன் நான்.

ஏன் அடித்தேன் என்று கேட்பீர்கள். அந்த மாசியில் என் கிணறு வற்றிவிட்டது. என் சின்ன வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. அவன் கிணற்றில் தண்ணீர் இருந்தது. கோயிலுக்கு முந்தின நாள் அவனாகவே வந்து, "அண்ணா, பைப்பை இழுத்துட்டுப் போயிப் பாச்சிக்கங்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வருடம் வெங்காயம் நன்றாகத்தான் விளைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சத்தியம் முடிந்த கையோடு செல்லமுத்து ஒரு தாளை எடுத்தான். இந்த நிலத்தில் எக்காலத்திலும் தடம் கிடையாது, யாருக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதி, அவன் கையெழுத்து, எங்கள் இருவர் கையெழுத்து. அதைத் தாலுகா ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொண்டான். அவ்வளவு முன்யோசனைக்காரன்.

சின்னாயி என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். "நீங்களுமாங்க?" அதன் பிறகு இருபத்தைந்து வருடம் என்னோடு பேசவில்லை. என் பொண்டாட்டி செத்தபோது வந்தாள், பொணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், எழுந்து போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எருமப்பட்டியில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு ஜெபவீடு இருக்கிறது. அதன் சுவரில் விதைப்பதையும் அறுப்பதையும் பற்றி பைபிளிலிருந்து இரண்டு வரி நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். வருடக்கணக்கில் அதைப் பார்த்து மனதுக்குள் ஏசியிருக்கிறேன். இதை எழுதியவன் காட்டில் இறங்கியிருக்க மாட்டான் என்று நினைப்பேன். மழை பொய்த்தால் விதைத்ததில் பாதி முளைக்காது. முளைத்ததைப் பன்றி தோண்டும். அப்படியிருக்க, கெட்டது மட்டும் போட்டது போட்டபடி வருமா? செல்லமுத்துவைப் பார்த்தால் வரவில்லை என்றுதான் தெரிந்தது. முன்காட்டில் வாழை நன்றாக வந்தது. மாடி வைத்து மெத்தை வீடு கட்டினான். மகன் தனசேகர் இஞ்சினியர் படித்தான். சின்னாயி கிழங்கை விட்டுவிட்டு, தலைச்சுமையில் கொண்டுபோகக்கூடிய கீரை, மிளகாய் என்று பாடுபட்டாள். எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் கோபம்தான் வந்தது. இப்போதும் எனக்கு அது முழுசாக விளங்கியதாகச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு காட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செல்லமுத்துவின் வீடும் கிணறும் அவன் காட்டின் தென்கோடியில், சின்னாயி காட்டின் எல்லையை ஒட்டி இருக்கின்றன. ஆறு வருடம் முன்பு, ரோட்டை ஒட்டிய மூன்று ஏக்கரை மகன் பேருக்கு எழுதிவைத்தான். வீடும் ஒரு ஏக்கரும் தன் பேரில். மகனுக்கு எழுதும்போதும் தடம் பற்றி எழுதவில்லை. அப்பன் மகனுக்குள் தடத்தை எழுதுவார்களா?

மஞ்சுளா படித்து ரேஷன் கடையில் வேலைக்குப் போனாள். அவளும் மாப்பிள்ளையும் ஓடைக்கு அந்தப்புறம் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, ஓடை மேல் குழாய் பதித்து, தெற்கே பஞ்சாயத்து ரோட்டிலிருந்து சின்னாயி வீடு வரைக்கும் கப்பித் தடம் போட்டார்கள். இரும்புக் கேட்டும் வைத்தார்கள். செல்லமுத்து அதைப் பார்த்து, "பொம்பளைக போட்ட ரோடு மழைக்கு நிக்குமா?" என்று என்னிடம் சிரித்தான். அதற்குள் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் நாமக்கல் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவான். காலில் ஆறாத புண். பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான்.

போன தையில் தனசேகர் அந்த மூன்று ஏக்கரை விற்றுவிட்டான். அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கியவர் சிவபிரகாஷ் என்று ஒருவர். கோழித் தீவனக் குடோன் கட்டுகிறார். ஒரே வாரத்தில் எட்டடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர். ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிட்டது.

செல்லமுத்து என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளிடம் போனான். அவர் மரியாதைக்காரர்தான். நாற்காலி போட்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

"ஐயா, தடம் இருந்தா நான் உடமாட்டனுங்களா? உங்க பையந்தான் இதைக் குடுத்தாரு. எந்தப் பாத்தியமும் இல்லைன்னு இருக்குதுங்களே. இது உங்க கையெழுத்துதானுங்க?"

அது அந்தத் தாள்தான். கீழே என் கையெழுத்தும் இருந்தது. தாலுகா ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த பொண்ணும் அதே தாளை எடுத்து வைத்து அதே கேள்வியைத்தான் கேட்டாள். கோர்ட்டுக்குப் போங்கள் என்றாள். கோர்ட்டு முடிகிற வரைக்கும் சிறுநீரகம் பொறுக்குமா?

மகனுக்குப் போன் போட்டான். மகன் சேலம் சூரமங்கலத்தில் குடியிருக்கிறான். போனை ஸ்பீக்கரில் வைத்ததால் நானும் கேட்டேன்.

"ஏன்டா, சொல்லாம வித்துப்போட்டயே, நான் எதுல போறது?"

"பத்தரத்துல தடம் இல்லீங்கப்பா. நான் என்ன பண்றது?"

"என்னை அங்க கூட்டிட்டுப் போயிரு."

"இங்க ரெண்டே ரூமுங்க. சத்யபிரியாளுக்கு ஒத்து வராதுங்க. வேற ஏதாச்சும் வழி பாருங்க."

சத்யபிரியா அவன் பொண்டாட்டி. முள்ளைப் போட்ட அன்று தனசேகருக்கு ஒன்பது வயது. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அந்தப் பேச்சு அத்தனையும் அவன் காதில்தான் விழுந்தது.

மிச்சம் இருந்த வழி சின்னாயி காடுதான். அவள் கேட்டைத் திறந்துவிட்டால் ஆட்டோ பஞ்சாயத்து ரோட்டிலிருந்து செல்லமுத்து வீட்டு வாசலுக்கே வரும். கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினான். தானாகப் போகவில்லை. போனேன். இருபத்தைந்து வருடம் கழித்து அந்த வாசலில் நின்றேன். சின்னாயி மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நங்கை, அவனால நடக்க முடியலீங்க. ஆட்டோ மட்டும் வாரத்துல ரெண்டு நாள்..."

"தடம் இருந்துச்சுங்களா?" என்றாள்.

"எந்தத் தடமுங்க?"

"அவரு காட்டுல. கீழ்புறம். இருந்துச்சா இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க" என்றேன்.

"இங்க சொல்லி என்ன பண்றது? கோயில்ல போயிச் சொல்லுங்க. எந்தக் கையில சூடத்தை அணைச்சாரோ அந்தக் கையில ஏத்தச் சொல்லுங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யுன்னு பத்துப் பேர் முன்னால சொல்லட்டும். அன்னிக்கே கேட்டைத் தொறக்கறேன். எனக்குக் காடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அதுவரைக்குங்?"

"எங்க காட்டுலயும் மேபுறம் ஓரடி வரப்பு இருக்குதுங்க. தலைச்சுமைக்கு அது போதும்."

மஞ்சுளா வெளியே வந்துவிட்டாள். "அம்மா, ஒடம்புக்கு முடியாத மனுசன். வண்டி போனாப் போயிட்டுப் போவுது."

"நீ செமந்த கூடை மறந்துபோச்சா அம்மணி?"

"மறக்கலம்மா. கழுத்து இன்னும் வலிக்குது. அதுக்காக?"

"மறக்கலீல்ல. அப்ப உள்ள போ."

அடித்த சூடத்தைத் திருப்பி ஏற்றுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கேள்விப்பட்டதும் இல்லை. சாமி குத்தம் என்பார்கள். அவளாகவே உண்டாக்கினாள். வந்து செல்லமுத்துவிடம் சொன்னேன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அவ முன்னால நான் பொய்யின்னு சொல்லோணுமா?"

"பொய்தானே சாமி."

"நீ யாருக்கு அண்ணன்? எனக்கா அவளுக்கா? என் தண்ணியில வெங்காயம் வெளைய வெச்சவன் நீ."

"அதுக்குத்தான் நானும் ஏத்தப் போறேன்."

"போ. ஏத்து. எம் பேரை அங்க எடுத்தே, பாத்துக்க."

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் ஆட்டோ வாசலுக்கு வரும். சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். முள்ளை வெட்டிப் போட்ட கைக்கு ஒரு சூடத்தை ஏற்ற முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பகலில் நான் கோயிலுக்குப் போனேன். பத்துப் பேர் வரவில்லை, ஆறு பேர் வந்தார்கள். சின்னாயி வந்து தூண் பக்கம் நின்றாள். சூடத்தை ஏற்றினேன். "தடம் இருந்துச்சு. அன்னிக்குத் தண்ணிக்காகப் பொய் சொன்னேன்" என்றேன். சூடம் தானாக எரிந்து அணைந்தது.

"உங்களோடது தீந்துதுங்க. உங்க ஊட்டு வண்டி எப்ப வேணும்னாலும் எங்க காட்டுல போலாம்" என்றாள் சின்னாயி.

எனக்கு வண்டி இல்லை. சைக்கிள்கூடக் கிடையாது.

செல்லமுத்து முட்டை லாரிக்கு அட்டை ஏற்றுகிற இரண்டு பேரைப் பிடித்தான். மாரி, அறிவு என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலிக்கு இருபுறமும் மூங்கில் கட்டி, அதில் அவனை உட்காரவைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு அந்த ஓரடி வரப்பில் நடக்கிறார்கள். ஓடையைத் தாண்டி பஞ்சாயத்து ரோட்டில் ஆட்டோ நிற்கும். நாமக்கல்லிலிருந்து திரும்பி வரும்போதும் அப்படித்தான். முதல் நாள் மாரி, "முட்டை அட்டையாட்டம் பதனமாத் தூக்கு மச்சான், ஒடஞ்சா நம்மளைத்தான் கேப்பாங்க" என்றான். செல்லமுத்து அவனைத் திட்டினான்.

போன ஐப்பசி மழையில் வரப்பு ஓரிடத்தில் கரைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை நான் ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவின் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, செல்லமுத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். இருவரும் எப்படியோ நாற்காலியைச் சேற்றில் இறக்கி வைத்தார்கள். அதற்கு மேல் காலடி வைக்க இடமில்லை.

சின்னாயி காட்டுக்குள் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் மறுபடி குச்சிக்கிழங்கு போட்டிருந்தாள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மாரியும் அப்படித்தான் நினைத்து மூங்கிலைத் தோளுக்கு எடுத்தான். அவள் பக்கத்து வாய்க்காலிலிருந்து மண்ணை வெட்டி வெட்டி, கரைந்த இடத்தில் போட்டு மிதித்தாள். எழுபத்தெட்டு வயது. ஒரு ஆளையும் கூப்பிடவில்லை. வரப்பு ஏறியதும் தன் பாதத்தை அதன் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தாள். குதிகாலுக்குப் பின்னால் கொஞ்சம் மண் நீட்டிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் அதைச் செதுக்கி எடுத்தாள். ஓரடி.

"போலாமுங்க" என்று மாரியிடம் சொன்னாள்.

செல்லமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை. வேட்டியெல்லாம் சேறு. மூங்கிலைத் தட்டினான்.

"என்னடா வேடிக்கை? ஆட்டோக்காரன் போயிருவான். நடங்கடா."

தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.